நான் பார்க்கக் கூடாத படங்கள்

மகளின் கலியாணத்துக்கு முதல் நாள், மருதோண்டி வைத்த அன்று, எங்கள் வீட்டில் எடுத்த படங்கள் நானூற்றுப் பன்னிரண்டு. அவற்றில் ஒன்றையும் நான் பார்த்ததில்லை. பார்க்கவும் கூடாது. ஆனால் அவற்றைக் காப்பாற்றும் பொறுப்பை நான்தான் ஏற்றிருந்தேன்.

அன்று வாசலில் இரண்டு சேலைகளைச் சேர்த்துக் கட்டி மறைப்புப் போட்டிருந்தார்கள். ஆண்கள் எல்லோரும் பள்ளிவாசல் பக்கம் இருந்தோம். சிலாபத்திலிருந்து படமெடுக்க ஒரு பெண்பிள்ளை வந்திருந்தாள். அவள் கமராவை வெளியில் எடுத்ததும், எங்கள் குறுகிய தெருவான ஒழுங்கையில் இருந்து வந்திருந்த பெண்கள் எல்லோரும் முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டார்களாம். வேறொரு ஊரில் இப்படி எடுத்த படங்கள் யார் யாருடைய போனிலோ சுற்றிய கதை எல்லோருக்கும் தெரியும். எங்கள் பக்கத்து வீட்டுப் பெண், பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுக்கிறவர், என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார்.

"படம் எங்க போகும் எண்டு தெரியாம நான் இருக்க மாட்டேன். நானா பொறுப்பெடுக்கிறாரா எண்டு கேளு. அவரு ஓம் எண்டா நானும் ஓம்."

நானா என்றால் அண்ணன்; ஒழுங்கையில் எல்லோருக்கும் நான் நானாதான். மனைவி போன் எடுத்துக் கேட்டாள். நான் பள்ளிவாசல் மதிலோரம் நின்றுகொண்டு, யோசிக்காமல், "ஓம்" என்றேன். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அத்தனை பேரும் முக்காட்டைக் கழற்றினார்கள். ஓதிக் கொடுக்கிறவர் தலையில் ஒரு பானையை வைத்துக்கொண்டு ஆடினார் என்று மனைவி பிறகு சொன்னாள். சொல்லிவிட்டு, "இத நீங்க கேக்கல்ல" என்றாள்.

நான் படகு எஞ்சின் திருத்துகிறவன். கற்பிட்டியில், கடல் உள்ளே வந்து தேங்கும் களப்பின் கரையில் எனக்கொரு தகரக் கொட்டில் இருக்கிறது. ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது ஆயுதம் வைத்திருந்தவர்கள் முஸ்லிம்களான எங்களை எல்லாம் மன்னாரிலிருந்து வெளியேற்றினார்கள். படகில் வந்து இந்தக் கரையில் இறங்கியபோது எனக்குப் பத்து வயது. அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் போகவில்லை. ஆட்களோடு அதிகம் கதைக்கவும் எனக்கு வராது. எஞ்சினோடு இருப்பது சுகம். அது கேள்வி கேட்காது. உதிரிப்பாகம் வரும்வரை கொட்டிலில் சும்மா இருக்கும் நேரங்களில் போனில் வீடியோ பார்ப்பேன். முதலில் எஞ்சின் வீடியோ. பிறகு பழைய கம்ப்யூட்டரை எடுத்து, வீட்டுப் படங்களையும் கடிதங்களையும் வேறு யாருடைய கையிலும் கொடுக்காமல் நாமே பூட்டி வைக்கும் பெட்டியாக மாற்றுவது எப்படி என்று தமிழில் சொல்லும் வீடியோக்கள். ஆசையாகப் பார்த்திருந்தேன். செய்து பார்த்ததில்லை.

'ஓம்' சொன்ன பிறகு முதலில் போன இடம் சந்தியில் உள்ள கொமியூனிகேஷன் கடை. ரீலோட் போடுவது, போட்டோக் கொப்பி எடுப்பது, போன் திருத்துவது எல்லாம் அங்கேதான். கடைக்காரர் என்னைவிட இளையவர், வாய் கொஞ்சம் நீளம்.

"நானா, எஞ்சின் திருத்துற கையால கம்ப்யூட்டரத் தொட்டா அது கிறீஸ் குடிச்சே செத்துப் போகும். இந்த விசர் வேலைய விடுங்க. மாசம் மாசம் ஒரு சின்னக் காசு. படத்த எல்லாம் இன்டர்நெட்ல அவங்கட இடத்துல போட்டு வைங்க. வீடு பத்தினாலும் படம் பத்தாது. அவங்க பாத்துக்குவாங்க."

"அவங்க எண்டா யாரு?"

"கம்பெனி."

"கம்பெனில ஆம்புளைகளா, பொம்புளைகளா?"

கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது.

"அங்க ஆக்கள் இல்ல நானா, எல்லாம் மெசின்."

"மெசின் பழுதானா திருத்துறதுக்கு ஒரு ஆள் இருப்பாரு தானே?"

அவர் சிரிப்பதை நிறுத்தினார். "அது... இருப்பாங்கதான்."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. திருத்துகிறவனுக்கு என்னவெல்லாம் தெரியவரும் என்பது எனக்குத் தெரியும். எஞ்சின் மூடியைக் கழற்றினால் படகுச் சொந்தக்காரர்கள் ஒளித்து வைத்த பொருட்கள் இருக்கும். தாயத்து இருந்திருக்கிறது. ஒருமுறை பொலித்தீனில் சுற்றிய ஒரு கடிதம் இருந்தது. நான் அதைத் திறக்கவில்லை. எண்ணெய் படாமல் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தேன். ஆனால் நான் திறக்கவில்லை என்பது எனக்கு மட்டும்தானே தெரியும்? சொந்தக்காரருக்கு அது எப்படித் தெரியும்?

இன்னொன்றும் இருந்தது. அதைக் கடைக்காரரிடம் சொல்லவில்லை. மனைவியிடம்கூட ஒழுங்காகச் சொன்னதில்லை. ஊரைவிட்டு வந்த அன்று வழியில் எங்கள் பைகளைத் திறந்து பார்த்தார்கள். உம்மாவின் பையை ஒருவன் மண்ணில் கவிழ்த்தான். அதற்குள் ஒரு சின்ன அல்பம் இருந்தது. உம்மாவின் கலியாணப் படங்கள். அவன் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவசரமில்லாமல், பக்கம் பக்கமாகப் புரட்டினான். கெட்ட வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை. சும்மா பார்த்தான். உம்மா மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாப்பா வேறு பக்கம் பார்த்தார். அல்பத்தைத் திருப்பிக் கொடுத்தானா, வைத்துக்கொண்டானா என்பது எனக்கு நினைவில் இல்லை. புரட்டிய விரல் மட்டும் நினைவில் இருக்கிறது.

ஆகவே நானே செய்வது என்று முடிவெடுத்தேன்.

புத்தளத்தில் ஒரு கடையில் திரை உடைந்த பழைய லெப்டொப் ஒன்றை வாங்கினேன். கேபிளில் மாட்டுவதற்கு ஒரு பழைய திரையும், படங்களை இரண்டாவது தடவை பிரதி எடுத்து வைக்க இன்னொரு டிஸ்க்கும் எடுத்தேன். அதற்குள் எழுத வேண்டிய கட்டளைகள் ஆங்கிலத்தில் இருந்தன. எனக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. வீடியோவை நிறுத்தி நிறுத்தி, நாற்பது தாள் கொப்பியொன்றில் ஒவ்வொரு எழுத்தையும் படம் வரைவதுபோல வரைந்தேன். எங்கே இடைவெளி விட வேண்டுமோ அங்கே சிவப்புப் புள்ளி வைத்தேன். ஒரு புள்ளி தவறினால் பெட்டி கோபப்பட்டு வேறு எதையோ எழுதிக் காட்டும். மறுபடி முதலிலிருந்து. மாம்புரியிலிருந்து வந்த ஒரு படகுக்காரரின் எஞ்சின் கொட்டிலில் நான்கு நாள் கிடந்தது. "என்ன நானா, பரீட்சைக்குப் படிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பெட்டி தயாரானதும், படமெடுத்த பெண்பிள்ளை கமராவின் கார்டோடு வந்தாள். படங்களைப் பெட்டிக்குள் இறக்கினேன். பெட்டியில் பெயர்கள் மட்டும் வரிசையாக விழுந்தன. பெயர் என்றால் வெறும் இலக்கங்கள். நானூற்றுப் பன்னிரண்டு. பிறகு, கார்டில் உள்ளதை என் முன்னாலேயே அழிக்கச் சொன்னேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை.

"அங்கிள், ஒரு கிழமை இருக்கட்டுமே. எதுக்கும் ஒரு கொப்பி இருந்தா நல்லம் தானே?"

"இல்ல. இப்பவே."

என் வாழ்க்கையில் அவ்வளவு கண்டிப்பாக நான் யாரிடமும் கதைத்தது குறைவு. அவள் அழித்துக் காட்டினாள். அவள் போனதும் பெட்டியில் இருந்ததை இரண்டாவது டிஸ்க்குக்குப் பிரதி எடுத்தேன். அங்கேயும் எண்ணினேன். நானூற்றுப் பன்னிரண்டு. இலக்கங்கள் சரி. ஒன்றையாவது திறந்து பார்த்தால்தான் உள்ளே படம் இருக்கிறதா என்று தெரியும். திறந்தால் ஒழுங்கையின் பெண்பிள்ளைகள் யாரோ முக்காடில்லாமல் என் முன்னால் நிற்பார்கள். டிஸ்க்கின் வயரைக் கழற்றி, துணியில் சுற்றி, அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். மணப்பெண் என்ற உரிமையில் கடவுச்சொல்லை மகளுக்கு மட்டும் கொடுத்தேன். அவள் பார்த்தாள், சிரித்தாள், ஒரு மாதத்தில் கணவனோடு கட்டாருக்குப் போனாள்.

அதன் பிறகுதான் எனக்கு இருப்புக் கொள்ளாமல் போனது. பெட்டியைக் காற்று வரட்டும் என்று ஜன்னலோர மேசையில் வைத்திருந்தேன். அதில் ஒரு பச்சை விளக்கு விட்டு விட்டு எரியும். எஞ்சினைக் கழற்றிப் போட்டுவிட்டு, நடுவேலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவேன். விளக்கைப் பார்ப்பேன். திரும்பிப் போவேன். ஒரு நாளில் மூன்று முறை வந்ததும் உண்டு. அலுமாரியை இழுத்துப் பார்ப்பேன். கரண்ட் போனால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். தெருவில் யாராவது போனைப் பார்த்துச் சிரித்தால், எதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று எண்ணம் ஓடும்.

"பெட்டிக்குக் கால் முளைக்கல்ல. ஓடாது. இருந்து சோத்தத் தின்னுங்க" என்பாள் மனைவி.

இருந்து சாப்பிடுவேன். பாதிச் சாப்பாட்டில் எழும்புவேன்.

ஒரு வருடம் போனது. கடலிலிருந்து வீசும் கச்சான் காற்று தொடங்கியது. அந்த நாட்களில் எங்கள் பக்கம் கதவு, தட்டு, தேத்தண்ணிக் கோப்பை எல்லாவற்றிலும் மெல்லிய மணலும் உப்பும் படியும். எஞ்சினை உப்புத் தண்ணீரில் ஓட்டிவிட்டு நல்ல தண்ணீரில் கழுவாமல் விட்டால் என்ன நடக்கும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான். அப்படிப்பட்ட நான் கடல் பார்த்த ஜன்னலில் பெட்டியை வைத்திருந்தேன். ஒரு காலையில் பச்சை விளக்கு எரியவில்லை. மூடியைக் கழற்றினேன். உள்ளே காற்றாடி சுழன்று சுழன்று உப்பை இழுத்திருந்தது. செம்பு இருந்த இடமெல்லாம் பச்சைப் பூஞ்சணம் பிடித்ததுபோல இருந்தது. டிஸ்க்கைத் தனியாகக் கழற்றி, இரவல் வாங்கி வந்த வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டினேன். கிளிக், கிளிக் என்று ஒரு சத்தம், வேறொன்றுமில்லை.

பரவாயில்லை, இரண்டாவது இருக்கிறதே என்றுதான் நினைத்தேன். அலுமாரியைத் திறந்து அதை எடுத்து மாட்டினேன். பெயர்கள் எல்லாம் வரிசையாக வந்தன. எதற்கும் ஒன்றைத் திறந்து பார் என்று மனைவியைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு நான் முற்றத்துக்குப் போனேன்.

"இஞ்சாருங்க. ஒண்டும் இல்லையே."

"மற்றதத் தொறந்து பாரு."

"அதுவும் இல்ல. கறுப்பாக் கெடக்கு."

"கீழ போ. கீழ உள்ளதப் பாரு."

அவள் ஒவ்வொன்றாகத் திறந்தாள். நான் கிணற்றடிக்கும் கதவடிக்கும் நடந்தேன். கடைசியில் அவள் வெளியே வந்து வாசல் நிலைக்கல்லில் உட்கார்ந்தாள்.

பிறகு வீடியோக்களைத் தேடித் தேடித்தான் விளங்கியது. பிரதி முடிந்தது என்று திரை சொன்னாலும், உள்ளே எழுதுவது முடிந்திருக்காது. கழற்றப் போகிறேன் என்று கம்ப்யூட்டருக்குக் கட்டளை கொடுத்து, முறைப்படி டிஸ்க்குக்கு விடைகொடுத்த பிறகுதான் வயரைக் கழற்ற வேண்டும். நான் உடனே பிடுங்கியிருக்கிறேன். பெயர்கள் போய்ச் சேர்ந்துவிட்டன, படங்கள் போகவில்லை. ஒன்றே ஒன்றைத் திறந்திருந்தாலும் அன்றைக்கே தெரிந்திருக்கும். கமராக் கார்டை அழிக்க வைத்தவனும் நான்தான்.

மகளிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அன்று பின்னேரம் அவள் போன் எடுத்தபோது சொன்னேன். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"வாப்பா, ஏச மாட்டீங்க தானே?"

"என்ன?"

"அந்தப் படம் எல்லாம் என்கிட்ட இருக்கு. இங்க வர முந்தி பெட்டில இருந்து என்ட போனுக்கு எடுத்தேன். போன் நெறஞ்சி போச்சி. அதால மாசக் காசு கட்டி இன்டர்நெட்ல வச்சிருக்கேன். ஒண்டும் ஆகல்ல வாப்பா. எல்லாம் பத்திரமா இருக்கு."

மனைவி பக்கத்தில் நின்று, "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். நான் சொல்லவில்லை. படங்கள் தப்பின என்று ஒரு பக்கம் மூச்சு வந்தது. மறுபக்கம், ஒரு வருடமாக நான் சைக்கிளில் ஓடி ஓடிக் காத்தது எதை என்று கேள்வி வந்தது. நான் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்த நாளெல்லாம் அவை கடல் கடந்து, கடைக்காரர் சொன்ன அந்த மெசின்களுக்குள், திருத்துகிற ஆள் இருக்கும் இடத்தில் இருந்திருக்கின்றன. ஒழுங்கைக்கு நான் கொடுத்த வாக்கு எப்போதோ உடைந்துவிட்டது. எனக்குத்தான் தெரியவில்லை.

"யாருக்கும் சொல்லாதீங்க. யாருக்குத் தெரியப் போகுது?" என்றாள் மனைவி.

மூன்று நாள் சொல்லவில்லை. அந்த மூன்று நாளும் வேலை ஓடவில்லை. ஒரு எஞ்சினைப் பூட்டிவிட்டுப் பார்த்தால் நிலத்தில் ஒரு வொஷர் கிடந்தது. பக்கத்து வீட்டில் பிள்ளைகள் ஓதும் சத்தம் கேட்டால் வேறு வழியால் சுற்றிப் போனேன். நாலாம் நாள் அசர் தொழுகைக்குப் பிறகு மனைவியைக் கூட்டிக்கொண்டு, ஓதிக் கொடுக்கிறவருடைய வேலிப் படலையடிக்குப் போனேன். பக்கத்து வீட்டில் பதினைந்து வருடம் இருக்கிறோம். நான் அவரோடு நேராகக் கதைத்தது பத்து வார்த்தை இருக்காது. அவர் கதவுக்கு உள்ளே நின்றார். நான் படலையின் கம்பியைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். உப்பு, வயர், மகள், மாதக் காசு, எல்லாம். இடையில் மூச்சு வாங்கவில்லை.

உள்ளே ஓதிய பிள்ளைகள் ஒவ்வொருவராக நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தார்கள். "ஓதுங்க!" என்று அவர் அதட்டினார். சத்தம் மறுபடி எழும்பியது.

"மகள் பாக்கிறது பரவாயில்ல நானா" என்றார். "ஆனா மகள் அத அவட வீட்டுல வைக்கல்லயே. வாடக வீட்டுல தானே வச்சிருக்கா. வீட்டுக்காரன்ட கையிலயும் ஒரு தொறப்புச் சாவி இருக்கும்."

"ஓம். இப்பவே அழிக்கச் சொல்றேன்."

"அழிச்சா பொறகு?"

"பொறகு... எங்கயும் இருக்காது."

"எங்கயும் இருக்காதா?"

அவருக்குக் குரல் உயர்ந்தது.

"ஒரு வருசமாப் பூட்டி வச்சீங்க. நாங்க உங்கள நம்பி இருந்தோம். சரி. எங்களுக்கு ஒருக்காவாவது காட்டினீங்களா? நான் எப்படி இருந்தேன் எண்டு நானே இன்னும் பாக்கல்ல. மெசின் பாத்திருக்கு, கட்டார் பாத்திருக்கு. நான் பாக்கல்ல!"

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்தினாள். எனக்கு நிலத்துக்குள் போகலாம் போல இருந்தது. அவர் சொன்னது உண்மை. பூட்டுவதைப் பற்றி யோசித்த அளவுக்கு, படத்தில் இருக்கிறவர்கள் அதைப் பார்க்க ஆசைப்படுவார்கள் என்பதை நான் யோசிக்கவில்லை. பெண்களை வீட்டுக்குக் கூப்பிட்டுப் பெட்டியைத் திறந்துவிட வேண்டும் என்றால், நான் யாரிடமாவது வாயைத் திறந்து கதைக்க வேண்டியிருந்திருக்கும்.

"முதல்ல உங்கட பெட்டியத் திரும்பச் செய்ங்க" என்றார். "மகளிட்ட இருந்து படத்த எடுங்க. நாங்க வந்து ஒவ்வொண்டாத் தொறந்து பாப்பம். பாத்த பொறகுதான் அங்க அழிக்கணும். உங்கள நம்பாம இல்ல நானா. நீங்க பாக்க மாட்டீங்க எண்டு தெரியும். அதுதான் பிழையாப் போச்சி."

வேறொரு பழைய கம்ப்யூட்டரும் ஒரு டிஸ்க்கும் வாங்கி, மறுபடி கொப்பியை எடுத்தேன். இந்த முறை பெட்டி ஜன்னலில் இல்லை. உள் அறையில், மேலே துணி போட்டு. முக்கியமான வரியொன்றைக் கொப்பியின் கடைசியில் பெரிதாக வரைந்து வைத்தேன்: விடைகொடுத்த பிறகு வயரைக் கழற்று. மகள் படங்களை அனுப்பிய அன்று இரண்டு டிஸ்க்கிலும் இறக்கினேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு ஒழுங்கையின் பெண்கள் வந்தார்கள். ஒருவரும் தனியாக வரவில்லை. பிலாப்பழம், வடை, கைப்பிள்ளைகள் சகிதம் வந்தார்கள். நான் திரையைத் திறந்து கொடுத்துவிட்டு முற்றத்துக்கு வந்தேன்.

"அம்புக்குறி போட்ட கட்டைய அமத்தினா அடுத்தது வரும்" என்று திரைச்சீலைக்கு வெளியே நின்று சொன்னேன்.

"தெரியும் நானா, போங்க!"

உள்ளே ஒரு நிமிடம் சத்தமே இல்லை. பிறகு ஒரே சிரிப்பு. "இது யாரு பானையோட?" என்று ஒரு குரல். "அடுத்தத அமத்து! அடுத்தத அமத்துடி!" என்று ஓதிக் கொடுக்கிறவரின் குரல். சிரிப்பு நின்று, மறுபடி தொடங்கியது. மூன்று படங்கள் திறக்கவில்லை. மனைவி வந்து இலக்கங்களைச் சொன்னாள். குறித்து மகளுக்கு அனுப்பினேன். அவள் மறுபடி அனுப்பினாள். பொழுது சாயும் மஃரிப் பாங்குக்கு முதல் எல்லாம் பார்த்து முடிந்தது. அதன் பிறகு மகளிடம் அழிக்கச் சொன்னேன்.

"அழிச்சாச்சி வாப்பா. ஆனா கொஞ்ச நாளைக்கு அங்க குப்பக் கூடைல கெடக்கும். பொறகு தானாப் போயிடும்."

"போனது எண்டு எப்படித் தெரியும்?"

"அது போயிடும் வாப்பா."

"மகள், நீ பாத்தியா?"

"போனத எப்படி வாப்பா பாக்கிற?"

ஓதிக் கொடுக்கிறவரிடம் மனைவி மூலம் உள்ளதை உள்ளபடி சொல்லி அனுப்பினேன்: இங்கே இருப்பதை நீங்களே பார்த்துவிட்டீர்கள், அங்கே இல்லை என்பதற்கு மகளின் சொல் மட்டும்தான் உண்டு. அவர், "சரி" என்று மட்டும் சொன்னாராம். எப்படிச் சொன்னார் என்று மனைவியைக் கேட்டேன். "சரி எண்டுதான் சொன்னா, வேற எப்படிச் சொல்ற?" என்றாள்.

இப்போது மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை அவர்கள் வருகிறார்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு டிஸ்க்கிலும் கைக்கு வந்தபடி சில படங்களைத் திறந்து பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. சில என்று சொன்னாலும் எல்லாவற்றையும்தான் பார்க்கிறார்கள். நான் கையில் கிறீஸோடு கிணற்றடிக்கும் கதவடிக்கும் நடக்கிறேன். சிரிப்புச் சத்தம் கேட்டால் படம் திறக்கிறது என்று அர்த்தம். சத்தம் நின்றால் என் கால் நின்றுவிடும்.

"எல்லாம் தொறக்குதா?" என்று கேட்பேன்.

சில நேரம் பதில் வரும். சில நேரம் அவர்கள் படத்தில் மூழ்கி என்னை மறந்துவிடுவார்கள். இன்னும் கொஞ்சம் சத்தமாக, மறுபடி கேட்பேன்.